கட்டு ரூம் சிஸ்டர்

அவரை நான் முதன்முதலில் பார்த்தது, அவர் என்னைத் திட்ட வந்த அன்றுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம். செக்காலையில் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டு. காலையில் பள்ளிக்கூடச் சவாரியை முடித்துவிட்டு வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையுமாக ஒரு அம்மா வேகமாக வந்தார். ஐம்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி எது என்று கேட்டார். எல்லாரும் என்னைக் கை காட்டினார்கள்.

"ஏழு புள்ளைகள ஒரு வண்டியில அடைச்சா ஒண்ணு விழாம என்ன செய்யும்? அங்க ஒரு புள்ள கை எலும்பு விட்டுப்போய்க் கெடக்கு. நீங்க இங்க கண்ணாடிக்குப் பவுசு பாத்துக்கிட்டு இருக்கீக."

யாராவது சத்தமாகப் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு நான் நின்றதற்கும் அது ஒரு காரணம். ஸ்டாண்டு ஆட்களுக்கு நல்ல வேடிக்கை. "ஊமை மாதிரி இருந்துக்கிட்டுப் புள்ளையத் தள்ளி விட்டுருக்கானப்பா" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மா அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. திட்டி முடித்துவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"எந்த எடத்துல விழுந்தா?"

எந்தப் பிள்ளை என்று கேட்டேன். ஒரு வீட்டைச் சொன்னார். எனக்குத் தெரிந்த வீடு. மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண் பிள்ளை. அம்மா இல்லை. அப்பா மலேசியாவில் வேலை பார்த்தார். பெரியப்பா வீட்டில் இருந்துதான் படித்தாள்.

"அந்தப் புள்ள மூணு நாளா வண்டிக்கே வரல சிஸ்டர். சந்தை நாளுக்கு மறுநாள்லேருந்து வரல. காய்ச்சல்னு சொன்னாக."

"நேத்து சாயங்காலம் உங்க ஆட்டோவுலேருந்து விழுந்துட்டான்னு ஆஸ்பத்திரிச் சீட்டுல எழுதியிருக்கு."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குடையை மடக்கி, வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"எடுங்க. பள்ளிக்கூடத்துக்கு."

பெரியாஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற அறையில் அவர் நர்ஸ். ஊரில் எல்லாரும் கட்டு ரூம் சிஸ்டர் என்பார்கள். அவருடைய பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் இங்கே எழுதவில்லை. அவருக்குப் பிடிக்காது.

அந்த வேலைக்கு அவர் ஸ்டாண்டு வரைக்கும் வந்திருக்கவே வேண்டாம். பிள்ளைக்கு மாவுக்கட்டுப் போட்டாயிற்று. சீட்டில் காரணம் எழுதியாயிற்று. அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு ஒரு பழக்கம். ஒரு சேதி தன் கைக்கு வந்தால், அது யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவரை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் அவருக்குச் சோறு இறங்கும். சொல்லி அனுப்புவது என்பதே அவரிடம் கிடையாது. ஆஸ்பத்திரியில் யாராவது, "அப்பவே சொல்லி அனுப்பிச்சிட்டேன் சிஸ்டர்" என்றால் போதும். "போய்ச் சேந்துச்சான்னு பாத்தீகளா?" என்று கேட்பார். பார்க்கவில்லை என்றால், "அப்ப நீங்க இன்னும் சொல்லல" என்பார்.

ஒரு தடவை ஒரே தெருவிலிருந்து மூன்று பேர் நாய்க்கடியோடு வந்தார்கள். மூன்றாவது ஆளுக்கு ஊசி போட்ட கையோடு என் வண்டியில் ஏறி நகராட்சிக்குப் போனார். அங்கே இருந்தவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். "எழுதிக் குடுத்தா நாய் படிக்குமா? ஆள அனுப்புங்க, தெருவ நான் காட்டுறேன்" என்று அங்கேயே நின்றார். ஆள் வந்த பிறகுதான் நகர்ந்தார்.

எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். அடுத்தவர் பேசி முடிக்கும்வரை பொறுக்க மாட்டார். பாராட்டி ஒரு வார்த்தை வராது. அவரோடு வேலை பார்த்த ஆயாம்மா, "சிஸ்டர் கை பட்டா புண்ணு ஆறிப்போகும், வாயத் தொறந்தா வேற எடத்துல புண்ணாகிப்போகும்" என்று அவர் காதுபடவே சொல்வார். அதற்குச் சிஸ்டர் சிரித்து நான் பார்த்திருக்கிறேன். வேறெதற்கும் சிரித்ததாக நினைவில்லை.

அன்று பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினார். மூன்று நாளும் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து கடிதம் வந்திருந்தது. நான் ஓரமாக வாசல்படியில் நின்றேன். ஒரே கைக்குப் பள்ளிக்கூடத்தில் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் ஆட்டோ. பெரிய டீச்சர் முகம் மாறிவிட்டது. இன்னொன்றையும் சொன்னார். அந்தப் பிள்ளை ஐப்பசியிலிருந்தே முழுக்கைச் சட்டை போட்டுத்தான் வருகிறாள். நம் ஊர் புழுக்கத்தில் யார் போடுவார்கள்? வீட்டில் கேட்டதற்குத் தோலில் அரிப்பு என்றார்களாம்.

"முழங்கைக்கு மேல சூடு வச்ச தழும்பு இருக்கு டீச்சர். ஒண்ணு ரெண்டு இல்ல" என்றார் சிஸ்டர்.

"ஆஸ்பத்திரியில பாத்திருப்பாகன்னு நெனச்சேன் சிஸ்டர்."

"பள்ளிக்கூடத்துல கேட்டிருப்பாகன்னு நாங்க நெனச்சோம்."

இருவரும் அதைச் செய்திருப்பார்கள் என்று வாசல்படியில் நின்ற நானும் நினைத்திருந்தேன். அன்று நான் அதைச் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்தது இதுதான். சாயங்காலச் சவாரியில் அந்தப் பிள்ளைதான் கடைசியாக இறங்குவாள். அந்த வருடம் ஆவணி போல, ஒரு நாள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை. என் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. பெரியப்பா வெளியே வந்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, அவளைத் தூக்கிக்கொண்டு போனார். என்னைப் பார்த்து, "அடம், வேறென்ன" என்றார். கதவு மூடிய பிறகு உள்ளே கேட்ட சத்தம் அடம் பிடிக்கிற பிள்ளையை அதட்டுகிற சத்தம் இல்லை. எனக்குத் தெரியும். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் மறுபடி போய் ஏற்றினேன். சாயங்காலம் மறுபடி கொண்டுபோய் விட்டேன்.

அந்தப் பெரியப்பா லேசுப்பட்ட ஆள் இல்லை. எங்கள் ஸ்டாண்டுக்கு அந்த இடத்தைப் பேசி வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அவர் சொன்னால் என் வண்டி மறுநாள் அங்கே நிற்க முடியாது.

அடுத்த மூன்று வாரமும் சிஸ்டர் பகல் ஓய்வு நேரத்தில் என் வண்டியில் அலைந்தார். எங்கே போனாலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். அவருடைய ஆஸ்பத்திரி டாக்டரம்மாவே முதலில் தயங்கினார். வயதில் சின்னவர், வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. கூட்டி வந்தவர் சொல்வதைத்தான் எழுத முடியும், போலீஸ் கேட்டால் மற்றதை எழுதித் தருகிறேன் என்றார். போலீஸ் ஸ்டேஷனில் இருந்த பெண் ஏட்டு நல்ல மனுஷிதான். யாராவது புகார் கொடுத்தால் வருகிறோம் என்றார். ஏற்கெனவே ஒரு முறை அக்கம்பக்கத்தார் சொல்லிப் போனார்களாம். அது ரேடியோ சத்தம் என்று பெரியப்பா சொல்ல, பேசி முடிக்கப்பட்டது என்று எழுதிவிட்டு வந்தார்களாம். பெரிய டீச்சரைப் புகார் கொடுக்கச் சொன்னால், பள்ளிக்கூடம் புகார் கொடுத்தால் மறுநாளே பிள்ளையை நிறுத்திவிடுவார்கள், பிறகு அவளை யார் பார்ப்பது என்றார். டாக்டர் எழுதிக் கொடுத்தால் தானும் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்.

சுற்றி வந்து பார்த்தால், அவர் செய்தால் நான் செய்கிறேன் என்று மூன்று பேரும் ஆளுக்கு ஒருவரைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. அதைத்தான் சிஸ்டரால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். ஒரு நாள் ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது வண்டிக்குள் தனக்குத் தானே பேசினார். "ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு துண்டு இருக்கு. முழுசா யாருகிட்டயும் இல்ல."

அவர் ஏன் அப்படி என்று ஆயாம்மாதான் ஒரு நாள் என்னிடம் சொன்னார். முன்பு வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது, ஒரு பிள்ளையை மூன்று தடவை தூக்கி வந்தார்களாம். மூன்று தடவையும் வேறு வேறு நர்ஸ், வேறு வேறு டாக்டர். அரசு ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் புதுச் சீட்டுதானே. பழைய சீட்டு யாரிடமும் இருக்காது. அதனால் மூன்று காயமும் முதல் காயமாகவே எழுதப்பட்டது. அதில் நடுவில் ஒரு தடவை கட்டுப் போட்டது நம் சிஸ்டர். நான்காவது தடவை அந்தப் பிள்ளை வரவே இல்லை. அதற்கு மேல் ஆயாம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சிஸ்டர் அதைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டதே கிடையாது.

அந்த மூன்று வாரமும் அவர் அந்தப் பிள்ளையைக் கண்ணிலிருந்து விடவில்லை. கட்டை மூன்று நாளுக்கு ஒரு முறை பார்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் கை கோணிப்போகும் என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டார். கட்டோடு மறுபடி பள்ளிக்கூடம் வந்தவளை, அங்கிருந்து நான்தான் கூட்டிப் போய்க் காட்டிவிட்டு வருவேன். மாவுக்கட்டை அப்படியெல்லாம் பார்க்கத் தேவையில்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அவர் பார்த்தது கட்டை அல்ல. புதுக் காயம் இருக்கிறதா என்று பார்த்தார். பிள்ளையிடம் ஒன்றும் கேட்க மாட்டார். காலையில் இட்லியா தோசையா, சட்னி காரமா, வகுப்பில் யார் ரொம்பப் பேசுவது, இவ்வளவுதான். நான் ஒரு நாள், கேட்டுவிட வேண்டியதுதானே சிஸ்டர் என்றேன்.

"நான் கேப்பேன், டாக்டர் கேப்பாக, டீச்சர் கேப்பாக, ஏட்டம்மா கேப்பாக. நாலு தடவ சொன்னா நாலு தடவ அடி வாங்குன மாதிரி. ஒரு தடவதான் கேக்கணும். கேக்க வேண்டியவுக எல்லாரும் அன்னைக்கு இருக்கணும்."

மார்கழியில் அரைப் பரீட்சை வந்தது. பரீட்சை முடிந்தால் பத்து நாள் லீவு. அந்தப் பத்து நாளும் பள்ளிக்கூடம் கிடையாது, என் ஆட்டோ கிடையாது, யார் கண்ணிலும் அந்தப் பிள்ளை பட மாட்டாள். போதாததற்கு, லீவுக்குப் பிறகு அவளை நிறுத்தி வெளியூரில் யார் வீட்டுக்கோ வேலைக்கு அனுப்பப்போவதாகப் பெரியப்பா பேசிக்கொண்டிருந்தது பெரிய டீச்சர் காதுக்கு வந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லி அனுப்பவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் தானே ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்து சிஸ்டரிடம் சொன்னார்.

கடைசிப் பரீட்சை அன்று காலையிலேயே சிஸ்டர் என்னைக் கல்லலுக்கு அனுப்பினார். அந்தப் பிள்ளையின் சித்தி, அம்மாவின் தங்கை, அங்கே விவசாயம் பார்த்தார். வயலில் நின்றவர், சேதியைக் கேட்டதும் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஏறிவிட்டார். வழியெல்லாம் அழுதுகொண்டே சொன்னார். மூன்று தடவை பிள்ளையைப் பார்க்கப் போயிருக்கிறார். மூன்று தடவையும் ட்யூஷனுக்குப் போயிருக்கிறாள் என்று வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பிள்ளை எந்த ட்யூஷனுக்கும் போனதில்லை என்று எனக்குத் தெரியும். எங்கே போனாலும் அவளை ஏற்றி இறக்கியது நான்தானே.

மத்தியானம் இரண்டு மணிக்கு வெளிநோயாளிகள் கூட்டம் முடிந்து கட்டு ரூம் காலியானது. பெரிய டீச்சர், கட்டைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பிள்ளையைத் தானே கூட்டி வந்தார். டாக்டரம்மா வந்தார். ஏட்டம்மாவைக் காக்கி உடையில் வர வேண்டாம் என்று சிஸ்டர் முதல் நாளே நேரில் போய்ச் சொல்லியிருந்தார். அவர் பூப்போட்ட சேலையில், யார் வீட்டு அத்தை போலவோ வந்தார். சித்தி உள்ளே போனதும் பிள்ளை ஓடி வந்து ஒட்டிக்கொண்டதைப் பார்த்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டார்கள்.

நான் வராந்தாவில் இருந்தேன். உள்ளே சிஸ்டர் கேட்டதும் பிள்ளை சொன்னதும் எனக்குத் தெரியாது. பின்னாலும் நான் யாரிடமும் கேட்டதில்லை. அரை மணி நேரம் கழித்து ஆயாம்மா பிள்ளையையும் சித்தியையும் வெளியே கூட்டி வந்து, வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார். கதவு திறந்தே இருந்தது. ஏட்டம்மா பேசுவது கேட்டது.

"எல்லாம் சரிங்க சிஸ்டர். ஆனா அந்த ஆளு ஆட்டோவுல விழுந்தான்னு சாதிப்பாரு. சீட்டுல அப்படித்தானே எழுதியிருக்கு. இல்லைன்னு யாரு சொல்றது?"

சிஸ்டர் வெளியே வந்து என்னைப் பார்த்தார்.

"உள்ள வாங்க தம்பி."

"நான் என்ன சிஸ்டர், வண்டிக்காரன்."

"எங்க எல்லாரையும் விட அவள அதிகம் பாத்தது நீங்கதான். வாங்க."

உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. கட்டுத் துணி வெட்டுகிற மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. டாக்டரம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். அவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. அடுத்தவர் பேச்சை அறுத்துப் பேசுகிற சிஸ்டர்கூட அன்று வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

அந்தப் பிள்ளை என் வண்டியில் ஒரு நாளும் விழவில்லை என்றேன். சந்தை நாளில் நல்ல கையோடு கொண்டுபோய் விட்டேன், மறுநாளிலிருந்து அவள் வரவில்லை என்றேன். பிறகு அந்தக் கம்பியைப் பற்றிச் சொன்னேன். பெரியப்பா விரலைப் பிரித்ததைச் சொன்னேன். கதவுக்குப் பின்னால் கேட்டதைச் சொன்னேன்.

ஏட்டம்மா எழுதிக்கொண்டே கேட்டார். "இத இத்தன நாளா ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல" என்றேன். அது முழு உண்மை இல்லை என்று தெரிந்தது. "பயந்துட்டேன் ஏட்டம்மா" என்றேன்.

யாராவது திட்டுவார்கள் என்று நின்றேன். சிஸ்டர் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார். "இங்க இருக்க எல்லாரும் அதத்தான் செஞ்சோம். எழுதுங்க ஏட்டம்மா."

அதற்குப் பிறகு வேலை நடந்த வேகம்! மூன்று வாரம் நகராதது ஒன்றரை மணி நேரத்தில் நகர்ந்தது. இந்தக் காயங்கள் ஒரே நாளில் ஏற்பட்டவை அல்ல, விழுந்து ஏற்பட்டவையும் அல்ல என்று டாக்டரம்மா தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெரிய டீச்சர் புகாரை எழுதினார். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஏட்டம்மா டாக்டர் அறையிலிருந்து சிவகங்கைக்குப் போன் போட்டு, பிள்ளைகள் விவகாரத்தைப் பார்க்கிற அதிகாரியிடம் பேசினார். திங்கட்கிழமை பிள்ளையை அழைத்து வந்து காட்ட வேண்டும், அதுவரை சித்தியிடம் இருக்கலாம் என்று அவர் சொன்னாராம். புகாரில் பெரிய டீச்சர், டாக்டரம்மா, சிஸ்டர், சித்தி நான்கு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்தாவதாக நான் போட்டேன். என் பெயரை எழுத எனக்குத்தான் நேரம் பிடித்தது.

நாலு மணிக்குப் பெரியப்பா வந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் ஆஸ்பத்திரி என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளையும் சித்தியும் அப்போது டாக்டர் அறையில் இருந்தார்கள். அவர் நேராகக் கட்டு ரூமுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. அவர் எப்போதுமே வெளியில் சத்தம் போடுகிறவர் இல்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்தார்.

"என்ன டீச்சர், உங்களுக்கு என்ன கொற வச்சேன்? டாக்டரம்மா, நீங்க ஊருக்குப் புதுசு, தெரியாம மாட்டிக்காதீக." என் பக்கம் திரும்பினார். "நீயுமாடா?"

இதுவே ஸ்டாண்டில் தனியாக இருந்தபோது கேட்டிருந்தால், இல்லை அண்ணாச்சி என்று சொல்லியிருப்பேன். நிச்சயமாகச் சொல்லியிருப்பேன். ஆனால் என் இந்தப் பக்கம் பெரிய டீச்சரும் அந்தப் பக்கம் சிஸ்டரும் நின்றார்கள்.

"ஆமா" என்றேன்.

"இத மொதல்ல எழுதிக் குடுத்தது யாரு? அத மட்டும் சொல்லுங்க" என்றார் அவர்.

ஏட்டம்மா எழுந்தார். அந்தப் பூப்போட்ட சேலைக்காரர் போலீஸ் என்பது பெரியப்பாவுக்கு அதுவரை தெரியாது. "ஒரு ஆளு எழுதலங்க. அஞ்சு பேரு. உக்காருங்க, உங்ககிட்டயும் பேசணும்."

அவர் உட்கார்ந்தார். காயத்துக்குக் கட்டுப் போட வருகிறவர்கள் உட்காரும் அந்த முக்காலியில்தான் உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் பிள்ளையையும் சித்தியையும் நான் கல்லலுக்குக் கொண்டுபோய் விட்டேன். வழக்கு பல மாதம் இழுத்தது. நானும் போய்ச் சாட்சி சொன்னேன். பெரிய டீச்சர் எழுதிய கடிதம் கிடைத்து அப்பா ஊருக்கு வந்தார், அழுதார், பிள்ளையைச் சித்தியிடமே விட்டார். அந்தப் பிள்ளை அந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்கவில்லை. எனக்கு வேண்டியது அதுதான்.

ஸ்டாண்டில் என் இடம் போயிற்று. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வண்டியைப் போட்டேன். சிஸ்டருக்கு அது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. குடையோடு செக்காலை ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார். பிள்ளையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லையாம். "அவரு ஒரு நல்ல காரியத்துக்குச் சாட்சி சொன்னாரு. அதுக்கா ஒதுக்கி வச்சிருக்கீக? நாளைக்கு உங்க வீட்டுல ஒண்ணுன்னா எவன் வந்து சொல்லுவான்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தாராம். முதல் நாள் என்னை ஊமை என்றாரே, அந்த ஸ்டாண்டு ஆளே வந்து என்னைக் கூட்டிப் போனார்.

கல்லலுக்கு வாரம் ஒரு தடவை போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்பது சிஸ்டர் எனக்கு இட்ட வேலை. முதல் வாரம் போனேன். ஆட்டோ சத்தம் கேட்டதும் பிள்ளை வீட்டுக்குள் ஓடி, பானைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். சித்தி எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. திரும்பி வரும் வழியில்தான் எனக்குப் புரிந்தது. தினமும் சாயங்காலம் அவளை அந்த வீட்டில் கொண்டுபோய் விட்டது இந்த வண்டிதானே. வேறெந்தச் சத்தத்துக்கு அவள் பயப்படுவாள்?

சிஸ்டரிடம் வந்து சொன்னேன். இனி நான் போகவில்லை சிஸ்டர், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றேன்.

"போங்க. வண்டிய கல்லல் ரயில்வே ஸ்டேஷன்ல போட்டுட்டு நடந்து போங்க" என்றார்.

அப்படியே செய்தேன். வாரா வாரம் வண்டியை ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு நடந்து போவேன். முதலில் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். அப்புறம் வாசல் வரை வந்தாள். கையில் கட்டு எடுத்துவிட்டிருந்தார்கள். அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள். மாசி மாதம் ஒரு நாள் நான் போனபோது ஆட்டுக்குட்டிக்குத் தழை கொடுத்துக்கொண்டிருந்தவள், என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏண்ணே எப்பவும் நடந்தே வாரீக? வண்டி ரிப்பேரா?"

"இல்லத்தா. நல்லாத்தான் இருக்கு."

"அப்ப அடுத்த தடவ எடுத்துட்டு வாங்க. இங்குட்டு யாரு வீட்டுக்கும் ஆட்டோ வராது. எல்லாருக்கும் காட்டணும்."

அன்று கல்லலிலிருந்து நான் வண்டியை எப்படி ஓட்டி வந்தேன் என்று தெரியாது. நேராகக் கட்டு ரூமுக்குப் போனேன். சிஸ்டர் ஒரு பெரியவர் காலில் கட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார். பிள்ளை சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் கை ஒரு விநாடி நின்றது. பிறகு கட்டைச் சுற்றி முடித்து, முடிச்சுப் போட்டு, பெரியவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார். என்னையும் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்கு நடந்தார். உள்ளே நோயாளி இருந்தார். இருந்தாலும் கதவைத் தட்டினார்.

"சொல்லுங்க தம்பி, புள்ள என்ன சொன்னுச்சுன்னு" என்றார்.

சொன்னேன். டாக்டரம்மா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். வெளியே வந்ததும் சிஸ்டர் குடையை எடுத்து விரித்தார்.

"அடுத்து பள்ளிக்கூடம். அங்கேருந்து போலீஸ் ஸ்டேஷன். கெட்டதுக்கு மட்டுந்தான் நாம போய் நிக்கிறதா? வண்டிய எடுங்க" என்றார்.

அன்று மூன்று இடத்தில் அதை நான் என் வாயாலேயே சொன்னேன். மூன்றாவது இடத்தில் எனக்கு நாக்கு ஒட்டவே இல்லை.